எண்ணெய் போதும் என்பார்க்கு

பழைய ராணுவ ரைபிள்களை வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் துடைத்து, மறுபடியும் பூட்டி, இலக்குச் சுடும் மைதானத்துக்கு எடுத்துச் செல்வதைப் பொழுதுபோக்காகவும் ஒருவகைக் கலையாகவும் பயின்று வரும் அமெரிக்கர்களிடையே, ‘ரைபிளுக்கு எண்ணெய் போதும், கிரீஸ் என்பது லாரிச் சக்கரத்துக்கு உரியது’ என்ற அபிப்பிராயம் இன்று ஏறக்குறைய வேதவாக்காகவே ஆகிவிட்டது. துப்பாக்கிக் கடைக்காரர் அதைச் சொல்கிறார். அவரிடம் எண்ணெய்ச் சீசா வாங்கியவர் அதைத் தம் நண்பருக்குச் சொல்கிறார். ராணுவத்தில் பிற்காலத்து ரைபிளைப் பழகியவர் அதைத் தம் அனுபவத்தின் முத்திரையோடு உறுதிப்படுத்துகிறார். பலர் சொல்லுவதால் ஒரு கூற்று உண்மையாகிவிடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் பலர் சொல்லும் கூற்றைக் காரணம் காட்டாமல் தள்ளிவிடுவதும் நியாயமாகாது. ஆகவே அந்த அபிப்பிராயத்தை அதன் முழு பலத்தோடு முதலில் எடுத்துரைத்துவிட்டு, பிறகு அது எங்கே பிழைபடுகிறது என்பதைக் காட்ட முற்படுகிறேன்.

எதிர்த் தரப்பாரின் வாதம் மூன்று கால்களின்மேல் நிற்கிறது. கிரீஸ் பிசுபிசுப்பானது, ஆகையால் தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரைத்துவிடும் என்பது முதற்கால். குளிரில் அது இறுகிப்போய், ஓட வேண்டிய உறுப்பை ஓடவொட்டாமல் தடுக்கும் என்பது இரண்டாவது. கிரீஸ் வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்திருக்கலாம், ரசாயன சாஸ்திரம் வளர்ந்து உயர்தரச் செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்ட பிறகு அதற்கு அவசியம் இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஓரளவு உண்மை உள்ள பிழைகளே நெடுநாள் வாழ்கின்றன.

கிரீஸின்மேல் இத்தனை அச்சம் எப்படிப் பிறந்தது என்பதை ஆராய்வது பயன் தரும். ரைபிளையும் கொழுப்பையும் ஒரே மூச்சில் சொன்னால் நம் நாட்டு வாசகருக்கு 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கலகம் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே வினை விளைத்தது தோட்டாக் காகிதத்தின்மேல் பூசிய கொழுப்பைப் பற்றிய பேச்சு, பொறியின் உறுப்புகளுக்கு நடுவே இடும் மசகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கருடைய அச்சத்துக்கு வேறொரு சரித்திரம் உண்டு. முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அவர்களுடைய ராணுவத் தோட்டாவின் குண்டுக்குச் செம்பும் நிக்கலும் கலந்த மேலுறை இருந்தது. அது குழலுக்குள் உலோகப் பிசிறுகளை ஒட்டிவிட்டுப் போயிற்று. அதைத் தவிர்க்க எண்ணிய போட்டியாளர்கள் குண்டின் மூக்கைக் கிரீஸில் தோய்த்துவிட்டுச் சுடும் பழக்கத்தை மேற்கொண்டார்கள். 1921இல் ஒஹையோ மாநிலத்துக் கேம்ப் பெர்ரியில் நடந்த தேசியப் போட்டிகளுக்கு, இந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையில் வெள்ளீயம் பூசிய குண்டுகளைச் செய்து கொடுத்தார்கள். பழக்கம் விடாத சிலர் அவற்றையும் கிரீஸில் தோய்த்தார்கள், ரைபிள்கள் சேதமுற்றன.

காரணம் விளங்காதது அன்று. தோட்டா உறையின் கழுத்து, வெடிக்கும் கணத்தில் சற்றே விரிந்துதான் குண்டை விடுவிக்க வேண்டும். வெள்ளீயமோ கழுத்தையும் குண்டையும் இறுகப் பிணைத்துவிட்டிருந்தது. விரிவதற்கு இருந்த நூலிழை இடத்தையும் கிரீஸ் அடைத்துக்கொண்டதால் அழுத்தம் வரம்பு மீறி ஏறிற்று. அன்றியும், உலர்ந்த உறை தோட்டா அறையின் சுவரைப் பற்றிக்கொண்டு பின்னுதைப்பில் ஒரு பங்கைத் தானே தாங்கும்; வழவழப்பான உறை அப்படிப் பற்றாமையால் முழுப் பளுவும் அறையின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின்மேல் வந்து விழும். அமெரிக்க ராணுவத்தின் ஆயுத நிபுணர் ஜூலியன் ஹேட்சர் 1947இல் வெளியிட்ட தம்முடைய குறிப்பு நூலில் இந்த விஷயத்தை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். அன்று பிறந்த விதி தெளிவானது: தோட்டாவிலும் தோட்டா அறையிலும் கிரீஸ் இருத்தலாகாது. அந்த விதி இன்றும் செல்லும், நாளையும் செல்லும். அறைக்கு மட்டும் ஏற்பட்ட விலக்கை ரைபிள் முழுமைக்கும் நீட்டிவிட்டதில்தான் பிசகு நேர்ந்தது. ஓர் இடத்தில் ஆகாத பொருள் எவ்விடத்திலும் ஆகாது என்று சொல்லுவதாயின், குழலுக்குள் கிடக்கக்கூடாது என்பதற்காகத் துணியையும் ரைபிளின் அருகே வைக்கலாகாது என்று சொல்ல வேண்டிவரும்.

இனி, வாதத்தை ஆகாயத்தில் நடத்தாமல் ஒரு குறிப்பிட்ட ரைபிளின்மேல் வைத்து நடத்துவோம். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் உழைத்த ஜான் காரண்ட் அமைத்து, 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1 ரைபிள், இன்றைக்கும் பல்லாயிரம் பேர் பிரித்துப் பூட்டும் ரைபிளாக இருப்பதால் இதற்குப் பொருத்தமானது. அதன் இயக்கம் இது: குழலின் முனைக்கு அருகே உள்ள சிறு துளை வழியாக இறங்கும் வாயு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிஸ்டனோடு ஒன்றாக அமைந்த நீண்ட இயக்கத் தண்டு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அங்குலம் வெறுமனே ஓடிய பிறகு, அதன் பின்கோடியிலுள்ள புடைப்பின் உட்குழிவு போல்ட்டின் வலப்பக்கக் காதைப் பற்றி மேல்நோக்கித் திருப்புகிறது, போல்ட் பூட்டவிழ்ந்து பின்னோடி, வெற்று உறையை எறிந்து, சுத்தியலைச் சாய்த்து, சுருள்வில்லின் உந்தலால் திரும்பி வந்து, எட்டுத் தோட்டாக் கிளிப்பிலிருந்து அடுத்ததை ஏற்றிக்கொண்டு மீண்டும் பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் நாம் இமைப்பதற்குள் நடந்துவிடுகின்றன.

இந்த ஓட்டத்தில் இரும்பும் இரும்பும் உரசும் இடங்களைக் கவனிக்க வேண்டும். போல்ட்டின் காதும் அதைத் திருப்பும் உட்குழிவும். போல்ட்டின் பூட்டுக் காதுகளும், போல்ட் ஓடும் உடற்கூடான ரிசீவரில் அவை அமரும் தோள்களும். ரிசீவரின் வலப்புறத்தில் இயக்கத் தண்டு ஓடும் பள்ளம். தண்டு தழுவிச் செல்லும் குழலின் அடிப்பாகம். சுத்தியலின் முகமும் அதைச் சாய்க்கும் போல்ட்டின் வயிறும். இவற்றுள் முதலிரண்டு இடங்களில் நிலைமை மிகக் கடுமையானது. பூட்டவிழத் தொடங்கும் கணத்தில் அறைக்குள் எஞ்சியிருக்கும் அழுத்தம் காதுகளைத் தோள்களோடு நெருக்கிக்கொண்டிருக்கிறது. அதே கணத்தில் போல்ட்டின் வேகமோ பூஜ்யத்திலிருந்து புறப்படுகிறது. பளு உச்சத்தில், வேகம் அடித்தளத்தில்.

இந்த இடத்தில்தான் சாஸ்திரம் எதிர்த் தரப்பாரைக் கைவிடுகிறது. ஜெர்மானியரான ரிச்சர்ட் ஷ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மசகு வேலை செய்வதற்கு வேகமும் ஒரு துணை என்பதைத் தெளிவாக்கிற்று. இரண்டு பரப்புகள் போதிய வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஓடினால், இடையிலுள்ள எண்ணெய் ஆப்புப் போல நுழைந்து அவற்றைப் பிரித்துத் தாங்கும். வேகம் குறைந்து பளு கூடினால் எண்ணெய் பிதுங்கி வெளியேறி, உலோக மேடும் உலோக மேடும் மோதும். ஓயாமல் சுழலும் மோட்டார் அச்சுக்கு எண்ணெய் போதுமானதாக இருப்பதற்கும், நின்று நின்று முன்னும் பின்னும் பாயும் ரைபிளின் காதுக்கு அது போதாமல் போவதற்கும் காரணம் இதுவே.

கிரீஸ் என்பது எண்ணெய்க்கு விரோதமான ஏதோ ஒரு தனி வஸ்து என்று எண்ணுகிறவர்கள், அது பெரும்பகுதி எண்ணெயே என்பதை மறந்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்தோ லித்தியமோ சேர்ந்த சோப்பின் நுண்ணிழைகள் ஒரு வலைபோலப் பின்னிக்கொண்டு அந்த எண்ணெயைத் தம்முள் ஏந்தி வைத்திருக்கின்றன. நெருக்கும்போது வேண்டிய அளவு கசியவிட்டு, நெருக்கம் தளர்ந்ததும் மற்றதைத் தக்கவைத்துக்கொள்கின்றன. நம் கிராமத்து வண்டிக்காரர் ஆமணக்கெண்ணெயை அப்படியே அச்சில் ஊற்றாமல், எரித்த வைக்கோலின் கரியைச் சேர்த்துக் குழைத்து மசகாக்கித் தடவியது இதே தத்துவத்தின்படிதான். ஊற்றிய எண்ணெய் ஊர் எல்லையைத் தாண்டுமுன் வழிந்துவிடும் என்பதை அவர் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்.

சாஸ்திரம் வேண்டாம், அனுபவமே வேண்டும் என்பார்க்கு அனுபவத்தையும் காட்டலாம். அமெரிக்க ராணுவம் எம்1 ரைபிளுக்கு ஆரம்பத்தில் எண்ணெயைத்தான் விதித்தது. மழையில் அது பொய்த்தது. இடைவிடாது பெய்யும் நீர், திறந்த பள்ளங்களிலும் காதுகளிலும் இருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விட, உலர்ந்த இரும்பு இரும்பைக் கவ்விக்கொண்டு போல்ட் திறக்க மறுத்தது. உலோகத்தை மாற்றியும் வடிவத்தைத் திருத்தியும் பார்க்க எண்ணியவர்களுக்கு, கடைசியில் கைகொடுத்தது ‘லூப்ரிபிளேட்’ என்னும் வெளிறிய நிறத்துக் கிரீஸ். யந்திரசாலைகளுக்கென்று விற்றுவந்த சரக்கு அது. நீரில் கரையாமல் ஒட்டிநின்றது. ரைபிள் மழையிலும் ஓடிற்று. அதன் பிறகு கிரீஸ் அடைத்த ஒரு சிறு டப்பி, ரைபிளின் பின்கட்டைக்குள் குடைந்த பொந்திலேயே இடம் பெற்றது. சிப்பாய் சுமக்கும் ஒவ்வொரு அவுன்ஸையும் எண்ணிப் பார்க்கும் ராணுவம், வேண்டாத ஒரு பொருளை ரைபிளின் வயிற்றுக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்குமா என்பதை எதிர்த் தரப்பார் யோசிக்க வேண்டும். காரண்டின் ரைபிளிலிருந்து பிறந்து 1957இல் ஏற்கப்பட்ட எம்14இல், உரசலைக் குறைக்க வேண்டும் என்றே போல்ட்டின் காதில் ஓர் உருளையை மாட்டினார்கள். அப்பொழுதும் கிரீஸைக் கைவிடவில்லை, அந்த உருளைக்குள் அதைச் செலுத்துவதற்கென்றே ஒரு தனிக் கருவியைச் செய்தார்கள்.

இப்பொழுது மூன்று கால்களையும் வரிசையாகப் பார்ப்போம். கிரீஸ் தூசியைப் பிடிக்கும் என்பது மெய். எண்ணெயும் பிடிக்கும் என்பதும் அதே அளவு மெய். தூசி பிடிக்காதது உலர்ந்த இரும்பு ஒன்றுதான்; ஆனால் உலர்ந்த இரும்பு தன்னைத்தானே தின்னும். அமெரிக்க ராணுவம் 2007ஆம் ஆண்டை ஒட்டி மேரிலாந்தின் அபர்தீனில் நடத்திய தூசிச் சோதனைகளில், மெலிதாக மசகிட்ட ரைபிள்களைவிடத் தாராளமாக மசகிட்டவையே குறைவாகச் சிக்கின. அங்கே பிரயோகித்தது எண்ணெய், ரைபிளும் வேறு. ஆகவே அது கிரீஸின் மேன்மைக்குச் சாட்சியமாகாது. ஆனால் ‘ஈரம் இருந்தால் தூசி சேரும், தூசி சேர்ந்தால் சிக்கும், ஆகையால் எவ்வளவுக்கெவ்வளவு உலர்வோ அவ்வளவுக்கவ்வளவு நன்று’ என்ற தர்க்கச் சங்கிலியின் நடுக்கண்ணியை அது அறுத்துவிடுகிறது. மணற்பாங்கான இடத்தில் கிரீஸைக் குறைத்து இடுவதும், அடிக்கடி துடைத்துப் புதிதாக இடுவதும் விவேகம். இடாமலே விடுவது விவேகம் ஆகாது.

அன்றியும், பிடித்துக்கொள்வதைக் குற்றமாகக் கூறுகிறவர்கள், பிடித்துக்கொள்ளாமையின் விளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முனை மேலாக நிறுத்திவைத்த ரைபிளில் எண்ணெய் சும்மா இருப்பதில்லை. ரிசீவரின் வழியே இறங்கி, அதன் பின்கோடி அமர்ந்திருக்கும் வால்நட் மரத்துக்குள் ஊறுகிறது. எம்1 ரைபிளைப் பிரித்து ரிசீவரின் வால்பகுதி படிந்திருந்த மரத்தை உற்றுப் பார்த்தால், பல ரைபிள்களில் அந்த இடம் மட்டும் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும்படி மெத்தென்று இருப்பதைக் காணலாம். மரம் இளகினால் விசைக்கூட்டின் பிடிப்புத் தளர்கிறது, பிடிப்புத் தளர்ந்தால் ரிசீவர் ஒவ்வொரு வெடிக்கும் சற்றே இடம் பெயர்கிறது, குறி சிதறுகிறது. காதில் இருக்க வேண்டிய எண்ணெய் காதிலும் இல்லாமல், இருக்கக்கூடாத மரத்தில் குடிபுகுந்த கதை இது.

இரண்டாவதாகக் குளிர். 1941இன் ரஷ்யக் குளிர்காலத்தில் ஜெர்மானியருடைய ஆயுதங்களில் மசகு உறைந்து அவர்களைத் தவிக்கவிட்டது சரித்திரம். ஆனால் கடுங்குளிர் எண்ணெய்க்கும் இரங்குவதில்லை. தடித்த எண்ணெயும் உறையும். அத்தகைய குளிருக்கு ரைபிளை முற்றும் துடைத்துவிட்டு, அதற்கென்றே செய்த மெல்லிய எண்ணெயை இலேசாக இட வேண்டும் என்பது ராணுவத்தின் விதி. அதை நான் மறுக்கவில்லை. அது விதிக்கு விலக்கு. விலக்கையே விதியாக்குவது வேறு. இந்த வாதத்தை மிகுந்த ஆவேசத்தோடு எடுத்துரைப்பவர்களில் பலர் கேம்ப் பெர்ரிப் போட்டிகளுக்குப் போய் வருகிறவர்கள். அந்தப் போட்டிகள் நடப்பது கோடைக்காலத்தில்.

மூன்றாவது கால்தான் எதிர்த் தரப்பார் மிகவும் நம்பியிருப்பது. ‘இக்காலத்து எம்16 எண்ணெயிலேயே ஓடவில்லையா?’ என்று கேட்கிறார்கள். ஓடுகிறது. அதன் அமைப்பு அப்படி. அங்கே சூடான வாயுவே போல்ட் தாங்கிக்குள் வந்து பாய்ந்து கரியைக் கொட்டுவதால், கரியை இளக்கி நகர்த்தவும் அடிக்கடி ஊற்றிப் புதுப்பிக்கவும் எண்ணெயே தகுந்தது. ஆனால் அவர்களுடைய தலைசிறந்த சாட்சியாகிய அந்த ரைபிளையே கூண்டிலேற்றி, ‘உன்னைப் பூட்டும்போது என்ன தடவினார்கள்?’ என்று கேட்போம். குழலை ரிசீவரோடு பிணைக்கும் பெரிய நட்டின் மரைகளில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸைத் தடவிய பிறகே முறுக்க வேண்டும் என்பது அதன் விதி. முறுக்கும் அளவு 30 அடி-ராத்தல் முதல் 80 அடி-ராத்தல் வரை. முதலில் முறுக்கி, தளர்த்தி, மறுபடியும் முறுக்கி மரைகளைப் படியவைத்த பிறகே இறுதி முறுக்கு. அந்த ரிசீவர் அலுமினியம். வறட்டு மரையை அவ்வளவு விசையோடு முறுக்கினால் அலுமினியம் உரிந்து கவ்விக்கொள்ளும். பிறகு குழலை மாற்ற வேண்டிவரும் நாளில் நட்டோடு ரிசீவரின் மரையும் வந்துவிடும். எண்ணெயினால் மட்டுமே வாழ்வதாகப் பேர்பெற்ற ரைபிள், பிறக்கும்போதே கிரீஸைத் தொட்டுக்கொண்டுதான் பிறக்கிறது.

அங்கேயே மற்றொரு பாடமும் உண்டு. அந்த மரைகளில் காரீயக்கரி, அதாவது கிராஃபைட் கலந்த கிரீஸ் கூடாது. ஈரம் சேர்ந்தால் கிராஃபைட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே மின்வினை நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே கிரீஸ் வேண்டும் என்று சொல்லுவதனால் எந்தக் கிரீஸும் ஆகும் என்று சொல்லியதாகாது. இந்த இடத்தில் என் தரப்பைச் சேர்ந்த சிலரையும் நான் கண்டிக்கத்தான் வேண்டும். துப்பாக்கி உருவம் அச்சிட்ட குப்பியில் வருவதுதான் துப்பாக்கிக் கிரீஸ் என்று கருதிப் பன்மடங்கு விலை கொடுப்பவர்களும், இருக்கிற கிரீஸையெல்லாம் அள்ளி அப்பிவிட்டு ரைபிளுக்கு உபகாரம் செய்ததாக மகிழ்பவர்களும், எதிர்த் தரப்பாருக்கு வேண்டிய ஆயுதங்களைத் தாமே கொடுத்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது குப்பியின் படம் அன்று, கிரீஸின் குணம். கிரீஸின் கெட்டித்தன்மையை என்.எல்.ஜி.ஐ. எண்ணால் குறிக்கிறார்கள்: 25 பாகை செல்சியஸில் நிர்ணயித்த ஒரு கூம்பு ஐந்து விநாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளப்பது. 2ஆம் எண் கிரீஸில் அது 265 முதல் 295 வரை. 0 எண்ணில் 355 முதல் 385 வரை. வெயில் நாட்டுக்கு 1 அல்லது 2 பொருந்தும். குளிர்ந்த இடத்துக்கு 0. நீரில் கரையாமை வேண்டும். இரும்பை அரிக்காமை வேண்டும். இவ்வளவும் உள்ள சாதாரணச் சக்கரக் கிரீஸும் எம்1 ரைபிளுக்குப் போதும். வெவ்வேறு சோப்பினால் ஆன கிரீஸ்களை ஒன்றின்மேல் ஒன்றாக இட்டால் சில சமயம் இரண்டும் இளகி ஓடிவிடும். ஆகையால் பழையதைத் துடைத்த பிறகே புதியது. கிடங்கில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய காஸ்மலினை மசகென்று எண்ணி அப்படியே விட்டுவிடலாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடும் முறையிலும் மர்மம் ஒன்றுமில்லை. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு பிரித்த ரைபிளின் உறுப்புகளைக் கரைப்பானால் கழுவி, உலரத் துடைத்துவிட்டு, பழைய உரசல் தடங்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரும்பு வெள்ளிபோல் பளபளக்கும் இடங்கள், கிரீஸ் எங்கே வேண்டும் என்பதை எந்தக் கைநூலையும்விடத் துல்லியமாகச் சொல்லிவிடும். சிறு தூரிகையின் நுனியில் எடுத்து, அந்தத் தடங்களின்மேல் மட்டும், அடியிலுள்ள இரும்பின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவ வேண்டும். இயக்கத் தண்டின் உட்குழிவில் மட்டும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பூட்டிய பிறகு தண்டைக் கையால் பலமுறை இழுத்துவிட்டால் மிகுதியானது ஓரங்களில் பிதுங்கி நிற்கும். அதைத் துணியால் எடுத்துவிட வேண்டும். பிஸ்டனிலும் அது ஓடும் கேஸ் சிலிண்டருக்குள்ளும் ஒன்றும் கூடாது, அங்கே அது எரிந்து கரியாகும்; தோட்டா அறையில் கூடவே கூடாது. குண்டூசி போன்ற அச்சுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே. எதிர்த் தரப்பாரின் எண்ணெய்ச் சீசாவுக்கு இந்த ஒழுங்கில் இடம் இல்லாமல் இல்லை. அதற்கு உரிய இடம் இது.

ஆகவே, ‘எண்ணெயா, கிரீஸா?’ என்று ரைபிள் முழுமைக்குமாகக் கேட்கும் கேள்வியே தவறானது. கேள்வியை ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்: இங்கே பளு எவ்வளவு, வேகம் எவ்வளவு, நீர் வருமா, தீ வருமா, இட்டது இட்ட இடத்தில் நிற்குமா? அப்படிக் கேட்பவர் அறையை உலர்வாக வைப்பார், அச்சுக்கு எண்ணெய் இடுவார், காதுக்குக் கிரீஸ் இடுவார். அப்படிக் கேட்க மறுத்து எண்ணெய் போதும் என்று சாதிப்பவர், எம்1 ரைபிளை ஏற்ற ராணுவமே மழையில் நனைந்து பார்த்துக் கைவிட்ட ஒரு பழைய விதியைப் புதுமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.